இருசக்கர வண்டியும் இன்ஷூரன்ஸும்: ஒரு சட்ட வரலாறு

பிறந்த மண்ணை விட்டுத் தொழில் நிமித்தம் வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் இருசக்கர வண்டி இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. அலுவலகம் செல்லவும், குழந்தைகளைப் பள்ளியில் விடவும், சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரவும் நமக்கு உற்ற துணையாக நிற்பது அதுவே. அவ்வண்டிக்கென நாம் இன்ஷூரன்ஸ் தொகையும் கட்டுகின்றோம். ஆயினும், அத்தொகை யாரைக் காக்கின்றது என்று வினவினால், நம்மில் பலர் ‘நம்மைத்தான்’ என்றே விடை பகர்வர். உண்மை அதுவன்று. சட்டம் கட்டாயமாக விதித்துள்ள பாலிசி நம் வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்குக்கு ஈடு செய்வது. நம்மீது பிறர் வண்டி மோதினால் நம்மைக் காக்க வேண்டியது அவருடைய பாலிசி.

அவரிடம் பாலிசி இல்லையென்றால் என் செய்வது? இருந்தும் அதன் வரம்பு போதவில்லை என்றால் யார் தருவார்? மோதியவர் நில்லாமலே ஓடிவிட்டால் யாரைக் கேட்பது? இம்மூன்று வினாக்களுக்கும் நம் நாட்டுச் சட்டம் விடை தேடிய வரலாறு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீண்டது. வழக்கறிஞர்க்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கிவிடத் தக்க வரலாறும் அன்று அது. உற்றார் உறவினர் அருகில் இல்லாத ஊரில் வாழும் நமக்கு அதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சட்டம் பிறந்த விதம்

பிறர் செய்த பிழையால் ஒருவர் உயிரிழந்தால், அவரை நம்பி வாழ்ந்த மனைவி மக்கள் நஷ்ட ஈடு கேட்க இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் இடம் தரவில்லை. காயம்பட்டவர் கேட்கலாம், மாண்டவரின் குடும்பம் கேட்க இயலாது என்ற விந்தையான நிலை அங்கு நிலவியது. 1846ஆம் ஆண்டில் காம்பெல் பிரபுவின் பெயரால் வழங்கும் சட்டம் அக்குறையைப் போக்கிற்று. அதனைப் பின்பற்றி நம் நாட்டில் 1855இல் மரண விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின் உரிமை ஏட்டில் இருந்தது. ஈடு கையில் கிடைப்பதோ மோதியவரின் செல்வ நிலையைப் பொறுத்திருந்தது. வழக்கில் வென்றும், எதிரியிடம் பொருள் இல்லாமையால் வெறுங்கையுடன் வீடு திரும்பியோர் பலர்.

மோட்டார் வண்டிகள் பெருகியபோது இக்கேடு பன்மடங்காயிற்று. ஆகவே 1930இல் இங்கிலாந்து சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் வாயிலாக, மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் எவரும் வண்டி ஓட்டலாகாது என்று விதித்தது. வண்டியின் உரிமையாளர் முதல் நபர். இன்ஷூரன்ஸ் நிறுவனம் இரண்டாம் நபர். சாலையில் அடிபடும் மற்றவர் மூன்றாம் நபர். ஒப்பந்தம் முதல் இருவருக்கிடையே எழுதப்படினும் அதன் பயன் மூன்றாமவருக்கே உரியது. இன்று நாம் கட்டும் கட்டாய இன்ஷூரன்ஸின் வேர் இதுதான்.

நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1939இல் நிறைவேறிற்று. அதன் எட்டாம் அத்தியாயம் கட்டாய இன்ஷூரன்ஸைப் பற்றியது. ஆனால் அவ்வத்தியாயம் 1946 ஜூலை முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதே 1946இல் இங்கிலாந்தில் மற்றொரு முன்னேற்றம் நிகழ்ந்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் அனைத்தும் ஒன்றுகூடி, அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, மோட்டார் இன்ஷூரன்ஸ் பணியகம் ஒன்றை நிறுவின. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் ஒருவர் துன்புற்றால், தீர்ப்பான ஈட்டை அப்பணியகம் கொடுக்கும். முறையாகப் பணம் கட்டும் வண்டிக்காரர் அனைவரும், கட்டாதவனின் பிழைக்காகவும் சிறிது சிறிது சுமப்பது என்பதே அதன் தத்துவம். அடையாளம் தெரியாமல் ஓடிய வண்டிகளுக்கும் 1969இல் தனி உடன்படிக்கை அங்கு ஏற்பட்டது.

அமெரிக்க நாட்டினர் வேறு வழி சென்றனர். 1947இல் வடக்கு டகோட்டா மாநிலம், வசூலாகாத தீர்ப்புத் தொகைகளைக் கொடுப்பதற்கென ஒரு நிதியை அமைத்தது. பின்னர், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி தம்மை மோதினால் தம் சொந்தப் பாலிசியிலிருந்தே ஈடு பெறும் முறை அங்குத் தோன்றியது. 1957இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அதனைச் சட்டமாக்கிற்று. எதிரியின் பாலிசி வரம்பு போதாதபோது மிச்சத்தை நிரப்பும் பாதுகாப்பும் அம்முறையினின்று கிளைத்ததே. அங்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் இப்பாதுகாப்பை மிகவும் மதிக்கின்றனர். நம் நாட்டுச் சட்டம் இவ்விரு வழிகளில் எதனையும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. அது தன் வழியைத் தானே தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்டது.

போதாத பாலிசியின் கதை

தொடக்கத்தில் நஷ்ட ஈடு கேட்போர் சிவில் நீதிமன்றத்தையே நாடவேண்டியிருந்தது. கோரும் தொகைக்கேற்ற கட்டணம் செலுத்தி, ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டும். 1956ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மாற்றி, மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. அதன் பின்னரும் ஏழைகளின் இடர் முற்றும் நீங்கவில்லை. ஹரியானா அரசுப் பேருந்தினால் கணவனை இழந்த ஒரு பெண், கட்டணம் செலுத்த வகையின்றித் தீர்ப்பாயத்தை நாடியபோது, அரசாங்கமே அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1979இல் அவ்வழக்கை விசாரித்தவர் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். வறியோர் கட்டணமின்றி வழக்காடும் உரிமை இத்தீர்ப்பாயங்களிலும் உண்டு என்று அவர் நிலைநாட்டினார்.

மற்றொரு பெருங்குறை பாலிசியின் வரம்பில் இருந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில், சரக்கு லாரிக்கான இன்ஷூரன்ஸ் பொறுப்பு 20,000 ரூபாய் அளவில் நின்றது. லாரி மோதி மாண்ட ஒருவரின் குடும்பத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் தீர்ப்பாயின், நிறுவனம் இருபதினாயிரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். எஞ்சிய எண்பதினாயிரத்தை லாரி உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். ஒற்றை லாரியையும் கடனில் வாங்கி ஓட்டியவரிடம் அத்தொகையைப் பெறுவது எளிதா? 1969ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை 50,000 ரூபாயாகவும், 1982ஆம் ஆண்டுத் திருத்தம் 1,50,000 ரூபாயாகவும் உயர்த்தின. விலைவாசி முன்னே ஓட, வரம்பு பின்னே நடந்தது.

1988இல் இயற்றப்பெற்று 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம் இக்குறையை வேரோடு களைந்தது. மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் வரம்பே இல்லை. தீர்ப்பாகும் தொகை முழுவதையும் நிறுவனம் கொடுக்கவேண்டும் என்று அது விதித்தது. 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா மரணத்துக்கு 10 இலட்சம், கொடுங்காயத்துக்கு 5 இலட்சம் என்று மீண்டும் வரம்பு கட்ட முனைந்தது. எதிர்ப்பு எழுந்தமையால் அது கைவிடப்பட்டது. 2019இல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் அவ்வரம்பு இடம்பெறவில்லை. சாலையில் செல்லும் நம்மவர்க்கு இஃது ஒரு பெரும் பேறு என்பதை நாம் மறத்தலாகாது.

ஓடிய வண்டியும் ஓட்டாண்டியான உரிமையாளரும்

மோதிவிட்டு ஓடிய வண்டியைப் பற்றி 1972இல் சட்ட ஆணையம் தன் 51ஆம் அறிக்கையில் ஆராய்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1982ஆம் ஆண்டுத் திருத்தம் முதன்முதலாக அத்தகைய விபத்துக்கு ஆறுதல் தொகை வகுத்தது. மரணத்துக்கு 5,000 ரூபாய். கொடுங்காயத்துக்கு 1,000 ரூபாய். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை 8,500, 2,000 என்றாயின. 1994இல் 25,000, 12,500 என்று உயர்ந்தன. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் அத்தொகைகள் அசையவே இல்லை. 2022 ஏப்ரல் முதல் நாளன்றுதான் மரணத்துக்கு 2 இலட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்ற புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது.

தொகை உயர்ந்தது; அதனைப் பெற வந்தோர் எத்தனை பேர்? 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர வண்டியில் சென்றோர் 74,897 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேல். மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் மட்டும் 30,486 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர். ஆனால் 2022-23 நிதியாண்டில் இத்திட்டத்தின்கீழ் வந்த விண்ணப்பங்கள் 205. அவற்றுள் தீர்க்கப்பட்டவை 95. உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது. இத்திட்டம் இருப்பதே மக்களுக்குத் தெரியவில்லை என்பதைக் கண்ட நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்க்கோ அவர் குடும்பத்துக்கோ காவல் துறையினரே இதனை எடுத்துரைக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் கட்டளையிட்டது.

ஓடாமல் நின்ற வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் இல்லையாயின் நிலைமை மேலும் சிக்கலானது. அப்போது ஈடு தரவேண்டியவர் ஓட்டியவரும் உரிமையாளருமே. தீர்ப்பாயம் சான்று வழங்கினால், மாவட்ட ஆட்சியர் அதனை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். ஆயினும் சொத்து இல்லாதவரிடம் சான்று என்ன செய்யும்? இதனைக் கருதிய உச்ச நீதிமன்றம், தில்லியில் முன்னரே இருந்த விதியைப் பின்பற்றி எல்லா மாநிலங்களும் விதி இயற்றுமாறு 2018 செப்டம்பரில் பணித்தது. அதன்படி, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் ஈட்டுக்குப் போதிய உறுதி தராதவரை அது விடுவிக்கப்படாது. மூன்று மாதங்கள் கழிந்தால் அதனை ஏலமிட்டு வந்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். லாரி போன்ற வண்டியாயின் ஏதோ ஒரு தொகை தேறும். பழைய ஸ்கூட்டராயின் ஏலத்தில் வருவது மருத்துவமனையின் ஒரு நாள் செலவுக்கும் போதாது.

இன்ஷூரன்ஸ் இருந்தும் ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாத வழக்குகளுக்கு நீதிமன்றம் வேறொரு நெறி வகுத்தது. நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவர்க்குக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது அந்நெறி. 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதனைத் தெளிவாக்கிற்று.

பின்னால் அமர்ந்தவரும் ஓட்டுபவரும்

இருசக்கர வண்டிக்கே உரிய தனிச் சிக்கல்கள் இரண்டு உண்டு. ஒன்று, பின்னிருக்கையில் அமர்பவரைப் பற்றியது. நம் வண்டியின் பின்னே அமர்ந்துவரும் மனைவியோ நண்பரோ மூன்றாம் நபர் அல்லரோ என்று நாம் எண்ணுவது இயல்பு. சட்டம் கேட்கும் குறைந்த அளவு பாலிசி, கட்டணமின்றிப் பின்னே அமர்ந்துவருபவரைக் காவாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுப் பாலிசியோ பின்னே அமர்பவரையும் உட்கொள்ளும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் 2009இல் விளக்கியது. உச்ச நீதிமன்றமும் 2012இல் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. ஆகவே சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் குறைந்த பாலிசியை எடுப்போர், தம் பின்னால் அமர்பவரின் காப்பையே விட்டுக்கொடுக்கின்றனர்.

மற்றொன்று, ஓட்டுபவரைப் பற்றியது. தானே சறுக்கி விழுந்தாலும், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதினாலும், அடையாளம் தெரியாத லாரி தட்டிவிட்டுச் சென்றாலும், ஓட்டிய உரிமையாளருக்கு ஓரளவேனும் உறுதியாகக் கிடைப்பது அவருடைய தனிநபர் விபத்துக் காப்பு ஒன்றே. 2002ஆம் ஆண்டு வீதப்பட்டியலில் இருசக்கர வண்டிக்கு அதன் அளவு ஓர் இலட்சம் ரூபாயாக இருந்தது. அது போதாது என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துரைத்தது. அதனை ஏற்று, 2018 செப்டம்பரில் ஒழுங்காற்று ஆணையம் அதனை 15 இலட்சமாக்கிற்று. மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே இது பொருந்தும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருத்தல் வேண்டும். வேறு நாட்டார் சொந்தப் பாலிசியால் பெறும் காப்புக்கு நம் நாட்டில் ஓரளவு நிகரானது இதுவே.

ஒரு தமிழரின் முயற்சி

சாலை விபத்துச் சட்டத்தின் அண்மைக் கால வரலாற்றில் ஒரு தமிழ் மருத்துவருக்குத் தனியிடம் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், விபத்து மரணங்களைத் தடுக்க வேண்டி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். பிறர் உடைந்த எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் கை, உடைவதற்கு முன்னே காக்க வழி தேடிற்று. அவ்வழக்கிலேதான் 2018 ஜூலையில், புதிய கார்களுக்கு மூன்றாண்டும் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை முன்னரே எடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 செப்டம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மேலே நாம் குறித்த 2024ஆம் ஆண்டுக் கட்டளையும் அதே வழக்கின் பயனே.

ஆணை நன்று, ஆயினும் ஐந்தாண்டு முடிந்தபின் புதுப்பிப்பது நம் கையில்தான் உள்ளது. நாட்டிலுள்ள வண்டிகளுள் பாதிக்கு மேற்பட்டவை இன்ஷூரன்ஸ் இல்லாமலே ஓடுகின்றன என்று பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கைகள் கூறியுள்ளன. அவற்றுள் மிகுதியானவை இருசக்கர வண்டிகள். 2022இல் வகுத்த வீதப்படி, 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 714 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. அதனைக் கட்டாமல் ஓட்டி ஒருவரை மோதினால், ஈட்டுத் தொகை முழுவதும் நம் வீட்டின் மேல் விழும். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிகளைப் பற்றிக் குறைகூறும் நாம், நம் வண்டியும் அக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2022இல் அமைந்த மோட்டார் வாகன விபத்து நிதியில், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிகளால் அடிபட்டோரின் சிகிச்சைக்கெனத் தனிக் கணக்கு இடம்பெற்றது. 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட திட்டம், சாலை விபத்தில் காயமுற்ற எவருக்கும் ஏழு நாள் வரை, 1,50,000 ரூபாய் அளவுக்கு, கையில் பணமின்றியே சிகிச்சை பெற வழி செய்தது. 1946இல் இங்கிலாந்து எட்டிய இடத்தை நோக்கி நாமும் மெல்ல நடந்து வருகின்றோம் என்றே இவற்றைக் கொள்ளவேண்டும்.

நம் போன்றோர் அறியத்தக்கது

வெளியூரில் வாழும் குடும்பத்துக்கு இவ்வரலாற்றில் மிகவும் பயன்படும் பகுதி ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் இங்கு விபத்தில் மாண்டால், அவர் மனைவி குழந்தைகளுடன் திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ திரும்பிச் செல்வதே பெரும்பாலும் நிகழ்வது. முன்பெல்லாம் விபத்து நிகழ்ந்த இடத்துத் தீர்ப்பாயத்தையே அவர் நாடவேண்டியிருந்தது. மொழி அறியாத நீதிமன்றத்துக்கு வாய்தாதோறும் ஆயிரம் மைல் பயணம் செய்ய எத்தனை விதவைகளால் இயலும்? கோரிக்கையையே கைவிட்டோரும், வந்த சிறு தொகைக்கு இசைந்தோரும் உண்டு. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இத்துயரைத் துடைத்தது. கோருவோர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று அது இடமளித்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கிளை உள்ள இடத்திலும் வழக்கை ஏற்கலாம் என்று, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த தொழிலாளி ஒருவரின் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புலம்பெயர்ந்து வாழ்வோர்க்கு இவ்விரண்டும் பெருந்துணை.

ஆனால் 2022 ஏப்ரல் முதல் விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்துக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்யவேண்டும் என்ற கால வரம்பு மீண்டும் புகுத்தப்பட்டது. அதனை எதிர்த்து வழக்குகள் எழுந்துள்ளன என்றாலும், வரம்புக்குள் செய்துவிடுவதே அறிவுடைமை. மோதிய வண்டி எதுவென்று தெரியாதபோது நாடவேண்டிய இடம் வட்டாட்சியர் அல்லது கோட்ட அதிகாரியின் அலுவலகம். அவர் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை அனுப்புவார். முதல் தகவல் அறிக்கையின் நகலும் மருத்துவச் சான்றும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் அடிப்படை. துயரத்தில் ஆழ்ந்த குடும்பத்தார்க்கு இவற்றை நினைக்கும் நிலை இராது. அந்நேரத்தில் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் உடன் செல்ல, இவ்வூர் மொழி அறிந்த அன்பர் ஒருவர் வேண்டும். அதற்கு நம் சங்கத்தைக் காட்டிலும் பொருத்தமான அமைப்பு வேறு எது?

ஆகவே சங்கத்து அன்பர்கள் இவ்வாண்டு மூன்று காரியங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஒவ்வொருவரும் தம் வண்டியின் பாலிசியை எடுத்து அதன் முடிவு நாளைப் பார்க்கட்டும். அதில் பின்னே அமர்பவர்க்குக் காப்பும் ஓட்டுபவர்க்கு 15 இலட்சக் காப்பும் உள்ளனவா என்று கேட்டறியட்டும். அப்பாலிசி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை வீட்டிலுள்ள மற்றொருவரும் அறிந்திருக்கட்டும். பிறர் இன்ஷூரன்ஸ் எடுக்கின்றாரா என்பது நம் வசத்தில் இல்லை. நம் வீட்டைக் காப்பதும், இடர் வந்துற்ற அண்டை வீட்டாருடன் துணை நிற்பதும் நம்மால் இயல்வன. இவ்விரண்டையும் நாம் செய்துவருவோமாக.